சாமான் சீட்டின் பின்பக்கம்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதலில் கொடிக்கயிற்றைத் துடைத்தேன். பல் விளக்கியதுகூட அப்புறம்தான். கும்மிடிப்பூண்டியில் குடியிருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வேலை உண்டு. உருக்காலைகள் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று அடித்தால், விடியும்போது பால்கனிக் கம்பி, துளசி இலை, கொடி எல்லாவற்றின்மேலும் மையைப் பொடித்துத் தூவிய மாதிரி கருப்பு படிந்திருக்கும். துடைக்காமல் துணி போட்டால் வெள்ளைச் சட்டையின் முதுகில் குறுக்காக ஒரு கோடு விழும். என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டோடு ஒருநாள் பள்ளிக்கூடம் போய், கரும்பலகையில் எழுதத் திரும்பியபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கொடி துடைப்பது என் பொறுப்பு.

ஈரத்துணியால் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பேன். கருப்பு போனதும் நீலம் தெரியும். இன்று நடுவில் ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது. பார்த்தால், நைலான் இழை நாலைந்து விட்டுப்போயிருக்கிறது. எந்தக் கயிறு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடமிருந்து உன்னிடம் போய், உன்னிடமிருந்து என்னிடமே திரும்பி வந்த கயிறு.

"புதுசு ஆர்டர் போட்டுடவாம்மா? நாளைக்கே வந்துடும்" என்று மகள் போனை எடுத்தாள்.

"இருக்கட்டும், பாத்துக்கலாம்."

"மூணு படகா?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். பழவேற்காட்டு ஏரியில் உன் தீவுக்கு நாங்கள் வந்தபோது மூன்று வயது அவளுக்கு. இப்போது பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். இந்த வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரே கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் எங்களோடு வந்துவிட்டது.

அவள் போனதும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் மாட்டியிருந்த சாமான் சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இன்றைக்கும் நான் சீட்டில்தான் எழுதுகிறேன். அவர் முன்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாங்கி வருவார். பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான். அங்கே ஒரே ஒரு சொல் இருந்தது. ஸ்கேன்.

நான்தான் எழுதினேன். வருஷத்துக்கு ஒருமுறை நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோரையும் பரிசோதிப்பார்கள். இந்தத் தடவை வந்த டாக்டரம்மா, இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படுகிறது, பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாளை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன். சொல்லை மட்டும் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். புதுச் சீட்டு எழுதும்போது அதையும் மாற்றி எழுதினேன். இரண்டு வியாழக்கிழமை போய்விட்டன. நாளை மூன்றாவது.

இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

நாங்கள் தீவுக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? அவருக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் படகை நம்பிப் போய்வர முடியாது என்று குடும்பத்தோடே வந்துவிட்டோம். வாடகை குறைவு, செலவழிக்க இடமே இல்லை, நாலு காசு சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பொன்னேரிப் பக்கம் நெல் வயல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணம் ஆகும்வரை அரிசியை விலை கொடுத்து வாங்குவார்கள் என்பதே எனக்கு உறைத்ததில்லை. தீவில் இருந்த ஒரே பெட்டிக்கடையில் தக்காளி வாங்கிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"வாத்தியாரம்மா, இன்னா, தக்காளியா? எவ்ளோ குடுத்த?"

சொன்னேன்.

"அடிப்பாவி. தண்ணி தாண்டுனா தக்காளிக்கும் திமிரு வந்துடும்னு யாரும் சொல்லலியா உனக்கு?"

பெட்டிக்கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு மூட்டைக்கும் அவர் படகுக் கூலி கொடுத்தாக வேண்டும். அது எங்கள் தலையில்தான் விழும். ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக் கரையில் இறங்கி, பஸ் பிடித்துப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனால் பாதி விலை. ஆனால் படகுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். "ரெண்டு ஊட்டுக்கு ஒருத்தி போனா?" என்று கேட்டது நீ. அப்படித்தான் தொடங்கியது. ஒரு வியாழன் நீ, ஒரு வியாழன் நான். போகிறவள் கையில் இருப்பவளின் சீட்டு.

உன்னிடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், எல்லாம் வாய்ச்சண்டையில் வந்ததுதான். காயாக இருக்கும் தக்காளியாகப் பொறுக்கினால் அடுத்த வியாழன் வரை ஒவ்வொன்றாகப் பழுக்கும். வெங்காயத்தைக் கட்டிலுக்கடியில் மணலைப் பரப்பி அதன்மேல் போட்டுவைக்க வேண்டும். மார்க்கெட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் காய் விலை இறங்கும், ஆனால் கடைசிப் படகு ஆறரைக்கு. அந்த இடைவெளியில் எத்தனை நாள் ஓடியிருக்கிறோம். ஒரு தடவை பண்டிகைச் சாமானுக்கு இரண்டு பேருமே போயிருந்தபோது, நான் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். கரைக்கு வந்தால் படகு நகர்ந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த நீ படகுக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கித் திருப்ப வைத்தாய். முழங்கால் தண்ணீரில் ஏறி வந்தவளைப் பார்த்து, "ரெண்டு ரூபா கொறச்சியா? பொடவ தொவைக்க சோப்பு எவ்ளோ ஆவும்?" என்றாய்.

படகுக்காரரோடு உனக்குப் போகிற வாரமெல்லாம் ஒரு வழக்கு. மூட்டைக்குத் தனிக் கூலி, கைப்பைக்கு இல்லை. அதனால் நீ எதையும் மூட்டையாகக் கட்ட மாட்டாய். இரண்டு கையிலும் நாலு நாலு பை, கழுத்தில் ஒன்று, இடுப்பில் எண்ணெய் கேன்.

"இன்னாக்கா, பொண்ணுக்குச் சீரு கொண்டுக்கினு போறியா? எடு மூட்டக் கூலி."

"மூட்ட எங்க கீது? இதெல்லாம் கைப்பை."

"கழுத்துல கீறது?"

"அது தாலி. அதுக்கும் சார்ஜு போடுவியா?"

படகு முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

பின்பக்கம் எழுதுகிற வழக்கம் மட்டும் என்னுடையது. இதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் வருஷத்தில் நீ ஆசைப்பட்டு வாங்கி வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியால் வந்தது அது. பையில் போட முடியாததால் கூலியும் கொடுத்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாய். மணலில் பின்கால் இரண்டும் மெதுவாகப் புதைந்தன. நீ அப்படியே வானத்தைப் பார்த்துச் சாய்ந்தாய். தெருவே கூடி உன்னைத் தூக்கியது. அன்று நான் சொன்னேன்: சோற்றுக்கு வேண்டியதை முன்பக்கம் எழுதுவோம். மற்றதையெல்லாம் பின்பக்கம் எழுதி வைப்போம். மூன்று வியாழன் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். இல்லாவிட்டால் அடித்துவிடலாம்.

"ஆசை இன்னா கருவாடா, காய வெக்கிறதுக்கு?" என்றாய். கொஞ்சம் யோசித்துவிட்டு நீயே, "கருவாடு காஞ்சா வெல ஏறும். இது காஞ்சா எறங்கும் போல" என்றாய். மூணு படகு என்று பெயர் வைத்ததும் நீதான். 'மூணு படகு போவட்டும்' என்பது நம் தெருவுக்கே பழமொழி ஆயிற்று. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட யாரோ அப்படிப் பதில் சொன்னதாக ஞாபகம்.

எத்தனையோ அடித்திருக்கிறோம். எவர்சில்வர் டிபன் கேரியர், என் கைக்கடிகாரம், உன் கொலுசு. பொருள் மட்டுமில்லை. ஒருநாள் முழுக்கப் போய்விடுகிற காரியம் எதுவும் பின்பக்கத்தில் ஏறிவிடும். நான் ஒருமுறை 'பல்லு' என்று எழுதினேன். கடைவாய்ப் பல் குத்திக்கொண்டிருந்தது. பொன்னேரிக்குப் போய்ப் பிடுங்க வேண்டும். இரண்டாவது படகிலேயே சீட்டைப் பார்த்துவிட்டு என் தாடையைப் பிடித்துத் திருப்பினாய். "மூஞ்சி இட்லி மாதிரி வீங்கிக்கினு கீது, பின்னாடி எழுதி வெச்சிக்கினு குந்தினு கீற. படிச்சவதான நீ? ஏறு படகுல." மூன்றாவது படகு வரைக்கும் நீ பொறுக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை, அக்கா. அதை மறக்க முடியாததுதான் எனக்குப் பாரம்.

உன் எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அஞ்சாவது வரை படித்தவள் நீ. எழுத்துக்கூட்டி ஒழுங்காக எழுதுவாய். உன் 'வ'வுக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம், நடுவில் ஒரு சின்னக் கோட்டை இழுத்துக்கொண்டு 'க' மாதிரியே நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஏற்ற ஊதுவத்தி வேண்டும் என்று 'வத்தி' என்று எழுதியிருந்தாய். நான் பொன்னேரியில் நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, நல்ல மரப்பிடி போட்ட கத்தி வாங்கி வந்தேன். நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, "வத்தி கேட்டா கத்தி வாங்கினு வந்து கீது வாத்தியாரம்மா. சாமிய கும்புடறதா, குத்தறதா?" என்றாய். ஒரு மாசம் அந்தப் பேஜாரில் நான் வெளியே தலைகாட்டவில்லை. அந்தக் கத்தியில்தான் நீ கடைசிவரை மீன் ஆய்ந்தாய்.

அதற்கப்புறமாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் தீவில் இருந்த கடைசி வருஷம், சித்திரை. உன் சீட்டின் பின்பக்கத்தில் 'கயிறு' என்று இருந்தது. கயிறெல்லாம் வீட்டுக்கு வேண்டிய பொருள், முன்பக்கம் அல்லவா வர வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நீ போனாய். மூன்றாவது வியாழன் மறுபடி என் முறை. துறையில் படகு நிறைய ஆட்கள், கூடைகள். நீ சீட்டைக் கொடுக்க வந்து இடுப்பை வளைத்துச் சாய்ந்து படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"கயிறு இன்னும் வேணுமாக்கா?"

"இன்னா கயிறு?"

"பின்னால எழுதி வெச்சிருக்கியே. எங்க ஊட்ல ஒரு நீலக் கயிறு சும்மாத்தான் கெடக்குது. எடுத்துக்கோ, வாங்காத. காசு மிச்சம்."

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு படகில் இருந்தவர்களைப் பார்த்தாய். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். ஏன் சிரிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

"சரி, குடு. அட்ச்சிடு" என்றாய்.

சீட்டை முழங்காலில் வைத்து, படகு ஆடியதால் கொஞ்சம் கோணலாக, நானே அடித்தேன். சாயங்காலம் நீ வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு போனாய். போகும்போது ஒரு கையை இடுப்புக்கு மேலே அழுத்திக்கொண்டு நடந்தாய். வெயில் என்று நினைத்தேன்.

ஆனியில் எங்களுக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை நீதான் கட்டிக் கொடுத்தாய். ஐப்பசியில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் ஒரு சின்னப் பெண் படுத்திருப்பது மாதிரி இருந்தாய். டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டிருந்தார்கள். உன் துணிப்பையின் வாய் அந்த நீலக் கயிற்றால் கட்டியிருந்தது. உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போனதும் என்னைக் கிட்டே வரச் சொன்னாய்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் எழுதனது கயிறு இல்லமே."

"எப்பக்கா?"

"வயிறு."

எனக்கு உடனே விளங்கவில்லை. நீ தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, வலிக்காமல் சிரிக்கப் பார்த்தாய். "வத்திக்குக் கத்தி வாங்கனவளாச்சே நீ. வயித்துக்குக் கயிறு குடுத்துட்ட."

"ஏங்கா அப்பவே சொல்லல?"

"படகுல அவ்ளோ பேரு குந்திக்கினு கீறாங்க. வவுத்து நோவுன்னு எப்டி சொல்றது? அப்பறம் நீ கயிறு குடுத்ததும், சரி, இது இல்லாமியும் ஆவும் போலன்னு நென்ச்சிக்கினேன். மூணு படகு போச்சே, தானா கொறஞ்சிடும்னு." என் முகம் எப்படி இருந்ததோ, உடனே பேச்சை மாற்றினாய். "அழுவாத. அந்தக் கயிற அவுத்து எட்த்துக்கினு போ. இரவல் வாங்கனது."

மாட்டேன் என்றேன். நீயே எழுந்து உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாய். ரொம்ப நேரம் ஆயிற்று. வலை முடிச்செல்லாம் கண்மூடி அவிழ்க்கிற விரல்கள். பையின் வாயை என் சேலையிலிருந்த ஊக்கால் மூடினோம்.

அந்த மூன்று வாரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. நீ பேசுகிற மாதிரியே 'வவுறு' என்று எழுதியிருந்தால் புரிந்திருக்குமோ என்று பல நாள் நினைத்தேன். இல்லை, அதையும் 'கவுறு' என்றுதான் படித்திருப்பேன். கயிறு என்று படிக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது. என் வீட்டில் கயிறு இருந்தது.

நீ போய் ஆறு வருஷம். நான் இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதைப் படித்துச் சாமான் வரவழைக்கிற வேலை. யார் சீட்டிலாவது ஒரு எழுத்து சந்தேகமாக இருந்தால் எழுந்து ஷெட்டுக்கே போய்க் கேட்டுவிடுவேன். "மேடம், போல்ட்டுன்னுதான எழுதிக்கீறேன், அதுக்கு ஏன் இம்மாந் தூரம் நடந்து வர்றீங்க?" என்று ஃபோர்மேன் கிண்டல் செய்வார். "இன்னா எழுதினீங்கன்னு உங்க வாயால சொல்லிடுங்க சார்" என்பேன். ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன். மற்றவர்கள் சீட்டுக்கெல்லாம் இவ்வளவு தூரம் நடக்கிற எனக்கு, பதினைந்து நாளாக என் கைப்பையைத் திறந்து ஒரு தாளைப் படிக்க முடியவில்லை.

ஏன் என்று இன்று துணி காயப்போடும்போது எனக்குத் தெரிந்தது. செலவு பயமில்லை. நாம் சேர்த்ததில்தான் இந்த வீடு வந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மூன்றாவது வியாழன் வந்தால் அடித்துவிடலாம் என்று என் மனசு எங்கேயோ காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவளே நான் அல்லவா? ஆசையை அடிக்க அது எவ்வளவு உதவியதோ, அவ்வளவுக்கு அவசியத்தையும் அடிக்கப் பழகிவிட்டது கை.

இப்போது சாயங்காலம். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, அவரும் மகளும் வருவதற்குமுன் இதை எழுதுகிறேன். டாக்டரம்மாவின் தாளை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு லீவு கேட்பேன். காலை மின்சார ரயிலில் பட்டணம் போய் ஸ்கேன் எடுப்பேன். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில்.

புதுச் சீட்டு எழுதியாகிவிட்டது. இந்த முறை அரிசிக்கும் மேலே, முதல் வரியில், கொட்டை எழுத்தில் 'எனக்கு ஸ்கேன்' என்று எழுதியிருக்கிறேன். இன்றிரவு அவர் முன்பக்கத்தைப் படம் பிடிக்கும்போது கண்ணில் படும். வேறு எப்படியும் படிக்க முடியாது.

பின்பக்கம் காலியாக இருந்தது. அங்கே 'கயிறு' என்று எழுதினேன், அக்கா. அது மூணு படகு தாங்கும்.